காணாமற்போன ஒரு ரூபாய்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். எனக்கு முன் பேசிய மூவரும் அதனை நன்றாகவே பேசிவிட்டார்கள். ஆகவே அவர் அனுமதியோடு நான் ஒரே ஒரு ரூபாயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அந்த ரூபாய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் நம் கொரட்டூர் ஏரிக்கரையில் காணாமற்போயிற்று. அதைத் தேடிய நால்வரில் நானும் ஒருவன்.

அது 1984ஆம் ஆண்டு. அந்நாளில் நம் ஊர் அம்பத்தூரைச் சேர்ந்தது. சென்னை மாநகராட்சியோடு இணைந்தது 2011இல்தான். மாலை வேளைகளில் ஏரிக்கரையில் அமர்வது எங்கள் வழக்கம். ஒருவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்பவர். நூலிழை அளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கி எறிந்துவிடும் கறார்க்காரர். ஒருவர் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். நான் கணிதத்தில் பி.எஸ்ஸி. தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தவன். நான்காமவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நகரத்தில் ஒரு லாட்ஜில் அறைப் பையனாக நான்கு ஆண்டுகள் இருந்து, பின்னர் தொழிற்பேட்டையில் சுமை ஏற்றும் வேலைக்கு வந்தவர்.

ஒரு நாள் பி.காம். நண்பர் வங்கித் தேர்வு எழுதிவிட்டு வந்தார். தேர்வு மண்டபத்தின் வாயிலில் யாரோ ஒரு கேள்வி கேட்டார்களாம். அதை எங்களிடம் போட்டார்.

மூன்று நண்பர்கள் ஒரு லாட்ஜுக்குப் போகிறார்கள். அறை வாடகை 30 ரூபாய் என்கிறார் மேலாளர். ஆளுக்கு 10 ரூபாய் கொடுக்கிறார்கள். அவர்கள் மாடிக்குச் சென்ற பிறகு, அந்த அறைக்கு வாடகை 25 ரூபாய்தான் என்பது மேலாளருக்கு நினைவு வருகிறது. அறைப் பையனைக் கூப்பிட்டு, 5 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறார். ஐந்தை மூவருக்கு எப்படிப் பங்கிடுவது? பையன் 2 ரூபாயைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஆளுக்கு 1 ரூபாய் கொடுக்கிறான். இப்போது ஒவ்வொருவரும் கொடுத்தது 9 ரூபாய். மூவொன்பது 27. பையனிடம் இருப்பது 2. இருபத்தேழும் இரண்டும் 29. ஆனால் அவர்கள் முதலில் கொடுத்தது 30. மீதி 1 ரூபாய் எங்கே?

உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் முதன்முதல் கேட்ட அன்று உங்கள் மனம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கையிலிருந்து காசு நழுவிப் போனது போலவே எனக்கு இருந்தது. கடைசல்காரர் உடனே பின்னத்தைப் பிடித்தார். “இருபத்தைந்தை மூன்றால் வகுத்தால் எட்டு, அதற்குமேல் புள்ளி மூன்று மூன்று என்று முடியாமல் போகிறது. அந்த முடியாத வாலில்தான் ரூபாய் சிக்கியிருக்கிறது” என்றார். பி.காம். நண்பர், கணக்கு ஒத்துவராவிட்டால் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிவைப்பது வழக்கம் என்று விளக்கினார். நானோ பட்டதாரி. குச்சியை எடுத்து மண்ணில் சமன்பாடு எழுதினேன். மூன்று முறை எழுதினேன்; மூன்று முறையும் 29 வந்தது. கேள்வி எந்த வழியில் போகச் சொன்னதோ அந்த வழியில்தான் என் குச்சியும் போயிற்று.

நான்காமவர் பேசவில்லை. கரையில் கிடந்த சிறு கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது கற்கள் சேர்ந்ததும் பத்துப் பத்தாக மூன்று குவியல் வைத்தார். “இவர்கள் மூன்று பேர்” என்றார். முப்பதையும் தள்ளி ஒரே இடத்தில் சேர்த்தார். “இது கல்லா.” அதிலிருந்து ஐந்து கற்களை எடுத்துத் தம் உள்ளங்கையில் வைத்தார். “இது பையன்.” அதில் மூன்றைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பழைய இடங்களில் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “நான் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நாலு வருஷம் நின்றவன். பணத்தைத் தேட வேண்டுமானால், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்கக்கூடாது. இப்போது யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லாவில் இருபத்தைந்து. பையனிடம் இரண்டு. இவர்களிடம் மூன்று. எண்ணிப் பாருங்கள். ஒரு கல்கூட ஏரிக்குள் விழவில்லை.”

எண்ணினோம். முப்பது.

அதன்பிறகுதான் என் படிப்பு எனக்கு உதவிக்கு வந்தது. மூவரும் கொடுத்த 27 ரூபாய் எங்கே போயிற்று? 25 கல்லாவுக்கு, 2 பையனுக்கு. அதாவது பையனுடைய இரண்டு ரூபாய் அந்த இருபத்தேழுக்கு உள்ளேயே இருக்கிறது. உள்ளே இருப்பதை வெளியே இருப்பதாக எண்ணி மறுபடியும் கூட்டினால், ஒரே பணத்தை இருமுறை எண்ணியதாக ஆகும். இருபத்தேழிலிருந்து இரண்டைக் கழித்தால் கல்லாப் பணம் வரும். இருபத்தேழோடு திரும்பி வந்த மூன்றைக் கூட்டினால் முதற்பணம் வரும். இருபத்தேழோடு இரண்டைக் கூட்டினால் வருவது எதுவுமில்லை. 29 என்பது ஒரு பொருளும் இல்லாத எண்.

அப்படியானால் நாம் ஏன் ஏமாறுகிறோம்? இளைஞர்கள் இதனைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வாடகை 10 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர் 20 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறார். பையன் 2 ரூபாயை எடுத்துக்கொண்டு ஆளுக்கு 6 ரூபாய் கொடுக்கிறான். ஒவ்வொருவரும் கொடுத்தது 4 ரூபாய், மூவருக்கும் 12. பையனிடம் 2. கூட்டினால் 14. இப்போது யாராவது வந்து, ‘முப்பதில் பதினாறு ரூபாயைக் காணோம்’ என்று கூவினால் நாம் சிரித்துவிடுவோம். கூட்டல் முறை அதே முறைதான். தவறும் அதே தவறுதான். ஆனால் 14 என்பது முப்பதுக்கு வெகு தொலைவில் நிற்பதால் அதை நாம் நம்புவதில்லை. 29 முப்பதை ஒட்டி நிற்கிறது. ஒட்டி நிற்பதாலேயே உறவுக்காரன் போலத் தோன்றுகிறது. இந்தக் கேள்வியை முதலில் புனைந்தவர் எவராயினும் எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் தம் திறமை முழுவதையும் காட்டியிருக்கிறார்.

இக்கேள்வி நம் ஊரில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் வாக்கிங்கேம் என்பவர் எழுதி 1751இல் வெளிவந்த பள்ளிக் கணக்கு நூல் நூறாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அச்சிடப்பட்டது. கழித்த தொகைகளையும் எஞ்சிய தொகைகளையும் கலந்து மாணவனை மயங்க வைக்கும் ஒரு கணக்கு அதில் உண்டு. இவ்வகைப் புதிர்களின் பழைய வேர் அதுவாக இருக்கலாம் என்பது புதிர்களின் வரலாற்றை ஆராய்ந்த சிங்மாஸ்டர் என்பாரின் கருத்து. 1933இல் அமெரிக்கரான செசில் ரீட் இன்னொன்றைக் கொடுத்தார். அதுதான் என்னை மிகவும் வாட்டியது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இங்கே ஒரு சிறு விலகல். புதிர் என்றதும் கணிதமேதை இராமானுஜனைச் சொல்லாமல் போனால் என் ஆசிரியர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1914ஆம் ஆண்டு இறுதியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அவரைக் காணச் சென்றார். இராமானுஜன் அடுப்பருகே காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் ஸ்ட்ராண்ட் என்ற இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். நண்பரின் வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். வீட்டு எண் என்ன? விடை, 288 வீடுகளில் 204ஆம் வீடு. இராமானுஜன் இந்த ஒரு விடையோடு நிற்காமல், இத்தகைய தெருக்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரு தொடர்பின்னத்தைக் கிளறியபடியே சொல்லிவிட்டார். எட்டு வீடுகள் உள்ள தெருவிலும் இது அமையும்: ஆறாம் வீட்டுக்கு இடப்புறம் ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15; வலப்புறம் ஏழும் எட்டும் 15. வீட்டுக்குப் போய்ச் சரிபாருங்கள்.

இந்தக் கதையை நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது தெய்வ வரம் என்று சொல்லி வாயடைக்கச் செய்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த மேதையும் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தவர்தாம். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கி, கணக்குப் போடுவதற்கு அவருக்கு நேரத்தைக் கொடுத்தது. அந்த 75 ரூபாயையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். புதிரைப் படித்துக் காட்ட ஒரு நண்பர் இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் தமிழிலும் கணக்குப் புதிர்களுக்குக் குறைவில்லை. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்ற நூலில், பலாப்பழத்தைப் பிளக்காமலேயே சுளைகளை எண்ணும் வழிகூட உண்டு: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். பழம் அதற்குக் கட்டுப்படுமா என்பது வேறு கேள்வி. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்று பின்னங்களையெல்லாம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். அந்தத் திண்ணையில் ஏற நம் பாட்டனாருக்கு இடமில்லை. களத்தில் மரக்காலால் நெல்லை அளந்து போட்டவர் அவர். எத்தனை மரக்கால் என்று ஏட்டில் எழுதியவர் வேறொருவர்.

அந்த ஏட்டைப் பற்றி என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். பத்து ரூபாய்க் கடன். அறுவடைதோறும் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் ‘இன்னும் இவ்வளவு பாக்கி’ என்று படித்துக் காட்டுவார்கள். பாக்கி எப்படி வந்தது என்று கேட்டால், பழைய பாக்கியும் புதிய பாக்கியும் சேர்ந்தது என்பார்கள். பாட்டிக்கு அந்தக் கணக்கு சாகும்வரை விளங்கவில்லை. இது எங்கள் வீட்டோடு முடிந்த கதையுமன்று. நம் ஊரையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், சிறு கடன் தொகைக்காகப் படியாட்கள் தங்களையே அடகு வைத்துவிட்டு உழைத்ததைத் தம் அறிக்கையில் எழுதினார். அவ்வறிக்கையைத் தொடர்ந்துதான் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892இல் பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட பெருநூலின் பெயரே ‘ரூபாயின் பிரச்சினை’ என்பது. ரூபாயின் மதிப்பை ஆள்வோர் எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். 1925இல் நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். படிக்காத பாட்டியையும் பொருளாதார மேதையையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். இருவர் முன்னும் இருந்தது பிறர் எழுதிவைத்த கணக்கு.

இப்போது ஏரிக்கரைக்குத் திரும்புகிறேன். நான்காமவர் விடை சொல்லிவிட்டாரே தவிர, அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. “இந்தக் கதையில் ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை” என்றார். “என்ன?” என்று கேட்டேன். “மேலாளர் தவறாக ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கினார். அதை எல்லாரும் மறதி என்கிறார்கள். பையன் இரண்டு ரூபாய் எடுத்தான் என்றதும் திருட்டு என்கிறார்கள். கடைசியில் ஒரு ரூபாய் காணோம் என்றதும் எல்லார் கண்ணும் பையன் மேல்தான் போகிறது. நான் இருந்த இடத்தில் ஒரு சோப்புக் கட்டி காணாமற்போனாலும் முதலில் திறப்பது என் பெட்டியைத்தான்” என்றார்.

அவர் அதைச் சொன்ன கணத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. வேறொருவருடைய பெட்டியை நானே திறந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1982இல், நம் தெருப் பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு ஒன்று தொடங்கினோம். இன்றைய சங்கம் அப்போது பிறக்கவில்லை. வீடு வீடாகச் சென்று 500 ரூபாய் திரட்டினோம். அந்நாளில் அது பெருந்தொகை. தாய்மார்கள் அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த, எங்களைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவரைப் பொருளாளராக வைத்தோம். நாங்கள் அவரை அண்ணே என்றுதான் அழைப்போம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, செலவு ஒரு பக்கம், இருப்பு ஒரு பக்கம் என்று அழகாக எழுதிவந்தார். குறிப்பேடுகளுக்கு 180, இருப்பு 320. பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு 140, இருப்பு 180. பாடநூல்களுக்கும் கரும்பலகைக்கும் 125, இருப்பு 55. பாய்களுக்கு 55, இருப்பு இல்லை.

ஆண்டு முடிவில் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு கணிதம் படித்தவன் என்பதால் எனக்கு வந்தது. கூட்டம் கூடியிருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். செலவைக் கூட்டினேன்: 500. சரி. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவன் என்பதைக் காட்ட வேண்டாமா? இருப்புப் பத்தியையும் கூட்டினேன். 320, 180, 55, மொத்தம் 555. “செலவு ஐந்நூறு, இருப்பு ஐந்நூற்று ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து ரூபாய் இடிக்கிறதே, அண்ணே?” என்று கேட்டேன்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியையும் தடவினார். “தம்பி, எல்லாம் ரசீது இருக்கிறதே” என்றார். ரசீதுகள் இருந்தன. ஆனாலும் 555 என்ற எண்ணை யாராலும் அழிக்க முடியவில்லை, ஏனென்றால் அதைச் சொன்னவன் பட்டதாரி. யாரோ பின்னாலிருந்து, “ஏழைப் பிள்ளைகள் காசு” என்றார்கள். அண்ணன் மறு பேச்சுப் பேசவில்லை. அடுத்த சம்பள நாளில் வந்து, 55 ரூபாயைப் பாயின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு வகுப்புப் பக்கம் அவர் வரவே இல்லை. அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்கினோம். அவர் பணத்தை வைத்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செசில் ரீட் கொடுத்த புதிர் இதுதான், நண்பர்களே. ஒருவர் வங்கியில் 50 டாலர் போடுகிறார். 20 எடுக்கிறார், மீதி 30. 15 எடுக்கிறார், மீதி 15. 9 எடுக்கிறார், மீதி 6. 6 எடுக்கிறார், மீதி இல்லை. எடுத்தவற்றைக் கூட்டினால் 50. மீதிகளைக் கூட்டினால் 51. அந்த ஒரு டாலர் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. அதே 50 டாலரைப் பத்துப் பத்தாக எடுத்துப் பாருங்கள். மீதிகள் 40, 30, 20, 10. கூட்டினால் 100! ஒரே தடவையில் ஐம்பதையும் எடுத்துவிட்டால் மீதிகளின் கூட்டல் சுழி. வைத்த பணம் மாறவில்லை. எடுத்த பணம் மாறவில்லை. எத்தனை தவணையில் எடுத்தார் என்பதைப் பொறுத்து இந்தக் கூட்டல் மட்டும் சுழியிலிருந்து நூறு வரை தாவுகிறது. காரணம், இருப்பு என்பது அந்த ஒரு வேளையின் நிழற்படம். காலையில் எடுத்த படத்தில் என் மகன் இருக்கிறான், மாலையில் எடுத்த படத்திலும் இருக்கிறான் என்பதால் எனக்கு இரண்டு மகன்கள் ஆகிவிடுவதில்லை.

ரீட் பெயரை நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1984இல் ஏரிக்கரையில் எனக்கு அந்தக் கற்கள் போதுமானவையாக இருந்தன. அன்றிரவு வகுப்புப் பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, புளியங்கொட்டைகளை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். விளக்குக்கு முன் இருந்த 320இல்தான் பிறகு எழுதிய 180உம் இருக்கிறது. அந்த 180இல்தான் 55உம் இருக்கிறது. ஒரே பணத்தை இரண்டு முறையும் மூன்று முறையும் எண்ணி, ஒரு மனிதரின் நாணயத்தின் மேல் போட்டிருக்கிறேன். எனக்கு அன்று உறக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை 55 ரூபாயை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் அப்போது ஆவடிப் பக்கம் குடிபோயிருந்தார். வாசலில் நின்று, “அண்ணே, கணக்குச் சரியாக இருந்தது. கூட்டினது நான்தான் தப்பு” என்றேன். அவர் என்னை உள்ளே வரச் சொல்லி, அண்ணியிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பிக் காட்டினேன். அவர் முழுவதையும் பார்த்தார். பிறகு சொன்னார்: “கணக்குச் சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், தம்பி. உன்னுடைய கூட்டல் எங்கே தப்பு என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.”

என்னிடம் பட்டம் இருந்தும் எனக்கும் அது தெரியவில்லை என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. 55 ரூபாயை வாங்கி எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று மறுப்பார் என நான் நினைத்துக்கொண்டு போனேன். அப்படி நினைத்ததும் என் ஆணவமே. அது அவருடைய பணம். பிறகு ஒன்று கேட்டார்: “கூட்டத்தில் சொன்னாயே, அதே கூட்டத்தில் இதைச் சொல்வாயா?”

சொன்னேன். அடுத்த வாரம், அதே பாயில், அதே ஆட்கள் முன்னால், கொட்டைகளைப் பரப்பிச் சொன்னேன். பின்னாலிருந்து பேசியவர் அன்று வந்திருந்தாரா என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் வரவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருந்த தம் மகளை வகுப்புக்கு அனுப்பினார். அந்தப் பெண்ணிடம் நான் லாட்ஜுக் கேள்வியைப் போட்டேன். இருபத்தேழும் இரண்டும் என்று நான் சொல்லத் தொடங்கியதும் அவள் இடைமறித்து, “அதை ஏன் சார் கூட்டுகிறீர்கள்?” என்று கேட்டாள். என்னுடைய முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் அதைவிட நல்ல கேள்வி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இன்று நம் சகோதரிகள் சுயஉதவிக் குழுக்களில் கணக்கு எழுதுகிறார்கள். சங்கத்தின் கல்வி நிதிக் கணக்கையும் இளைஞர்களே எழுதுகிறார்கள். கடன் தவணை அட்டவணை இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. அதில் வரும் ‘நிலுவை’ என்ற பத்தியை யாரும் கூட்டாதீர்கள். யாராவது கூட்டிக் காட்டிப் பயமுறுத்தினால், பணம் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு மேல் இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பழைய ஐரோப்பியப் புதிர் ஒன்றை நம் ஊர்ச் சரக்காக மாற்றி உங்களிடம் விட்டுச் செல்கிறேன். ஒருவர் பாத்திரக் கடையில் இரண்டு குடங்களைப் பார்க்கிறார். ஒன்று 100 ரூபாய், மற்றொன்று 200 ரூபாய். 100 ரூபாய் கொடுத்துச் சிறிய குடத்தை வாங்கிச் செல்கிறார். வீட்டில் அது பிடிக்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து, “நேற்றுக் கொடுத்த 100 ரூபாய் உம்மிடம் இருக்கிறது. இதோ 100 ரூபாய் பெறும் குடத்தையும் திருப்பித் தருகிறேன். இரண்டும் சேர்ந்து 200 ஆயிற்று. பெரிய குடத்தைக் கொடும்” என்கிறார். கடைக்காரரும் சரியென்று கொடுத்துவிடுகிறார். யார் ஏமாந்தார், எவ்வளவு? தாளில் எழுத வேண்டாம். வீட்டில் இரண்டு குடங்களை எடுத்து வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். விடையை வரும் ஞாயிறு மாலை வகுப்பில் கேட்டுக்கொள்கிறேன்.